அரைப்பேரும் அரைப்புள்ளியும்

மலையகத் தமிழ் இலக்கியத்தை உடலின் இலக்கியம் எனக் கூறுதல் பொருந்தும். பிற பிரதேசங்களின் எழுத்துக்களில் நிலமும் வீடும் சாதியும் பெறுகின்ற இடத்தை, மலையக எழுத்துக்களில் உழைக்கும் உடலே பெரும்பாலும் பெற்று நிற்கின்றது. கொழுந்து கிள்ளும் விரல், கூடைக் கயிறு அழுந்திய தலை, கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்ப்பேறிய உள்ளங்கை, அட்டை கடித்த கால் என்பன சி. வி. வேலுப்பிள்ளை தொடக்கம் இன்று எழுதவந்துள்ள இளைஞர் வரை தொடர்ந்து வருகின்ற படிமங்கள். ஆயினும், இவ்வுடல் முறிந்துபோகின்ற கணத்திலே கதையும் முடிந்துவிடுகின்றது. மரம் சாய்கின்றது, கொழுந்து லொறி குடைபுரள்கின்றது, மழையில் கால் வழுக்கியவன் பள்ளத்தில் வீழ்கின்றான். அவனைக் கம்பளியிற் கிடத்தி நால்வர் தூக்கிச் செல்கின்றனர். லயத்தில் அழுகுரல் எழுகின்றது. ஆசிரியர் அத்துடன் பேனாவை மூடிவிடுகின்றார். அடிபட்டவன் இறவாமல் இருந்துவிட்டால் அவனை என்ன செய்வது என்பது நம் கதாசிரியர்க்கு ஒரு சங்கடமாகவே இருந்து வந்துள்ளது எனலாம்.

இச்சங்கடத்தைப் பற்றிச் சிந்திக்கத் தூண்டியது ஓர் அமெரிக்க விவரணப்படமாகும். ஹென்றி அலெக்ஸ் ரூபின், டேனா அடம் ஷப்பிரோ ஆகிய இருவரும் நெறிப்படுத்தி 2005 இல் வெளிவந்த 'மேர்டர்போல்' என்னும் அப்படம் சக்கர நாற்காலி றகர் ஆட்டத்தைப் பொருளாகக் கொண்டது. பிறநாட்டுப் படமொன்றை முழக்கோலாகக் கொண்டு அட்டனையும் நுவரெலியாவையும் பற்றிய கதைகளை அளப்பது முறையா என வினவப்படலாம். இங்கு அது முழக்கோலாக அன்றி விளக்காகவே கொள்ளப்படுகின்றது. நம் எழுத்து காணாது விட்ட ஒரு மூலையை அவ்விளக்கு காட்டுகின்றது. அதே வேளை, அவ்விளக்கின் அடியில் உள்ள இருளையும் மலையக வாசகன் மற்றையோரினும் தெளிவாகவே காண்பான்.

முதலில் ஆட்டத்தை அறிதல் வேண்டும். கழுத்துப் பகுதியில் முள்ளந்தண்டு முறிந்து, அதனூடு செல்லும் முண்ணாண் சேதமுறுமாயின் கால்கள் மட்டுமன்றிக் கைகளும் விரல்களும் வலுவிழக்கும். அத்தகையோர் சக்கர நாற்காலிக் கூடைப்பந்தாட்டத்திற் சேர்ந்தாலும், கைவலுவுள்ள ஏனையோர் ஆட, இவர் ஓரத்தில் அமர்ந்திருக்கவே நேர்ந்தது. இதற்கு மாற்றாக 1976 ஆம் ஆண்டளவில் கனடாவின் வின்னிப்பெக் நகரில் இத்தகைய ஐவர் தமக்கெனவே ஓர் ஆட்டத்தை வகுத்தனர். அதன் கடுமை கருதிக் 'கொலைப்பந்து' என்ற பொருள்பட அதற்கு முதலிற் பெயரிட்டனர். படத்தின் தலைப்பும் அதுவே. 1996 இல் அத்லாந்தா பராலிம்பிக்கில் காட்சி ஆட்டமாக இடம்பெற்று, 2000 ஆம் ஆண்டு சிட்னியிற் பதக்கத்துக்குரிய ஆட்டமாயிற்று.

கூடைப்பந்துத் தளத்தின் அளவேயான கடினமான தரையில், அணிக்கு நால்வராக, எட்டு நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக இது ஆடப்படும். கரப்பந்தை ஒத்த பந்தை மடியில் ஏந்தி, நாற்காலியின் இரு சக்கரங்களும் எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடக்கச் செய்தால் ஒரு புள்ளி. பத்து வினாடிக்கு ஒருமுறை பந்தைத் தரையில் தட்டவோ பிறர்க்கு வழங்கவோ வேண்டும். உடலால் உடலைத் தாக்குதல் குற்றம். நாற்காலியால் நாற்காலியை மோதுதல் ஆட்டத்தின் உயிர். நசுங்கிய தகரமும் இரும்போசையும் முதன்முறை பார்ப்பவர்க்குத் திகைப்பூட்டும்.

ஆயினும், இவ்வாட்டத்தின் சாரம் மோதலில் இல்லை, கணக்கில் உள்ளது. ஒவ்வொருவரின் கையும் உடலும் எவ்வளவு இயங்குகின்றன என்பதைச் சோதித்து அவருக்கு 0.5 தொடக்கம் 3.5 வரை ஓர் எண் வழங்கப்படுகின்றது. மிகக் குறைந்த இயக்கமுடையவர் அரைப்புள்ளி பெறுவார். ஒரே வேளையில் களத்தில் நிற்கும் நால்வரின் எண்களும் சேர்ந்து எட்டினை மீறலாகாது. மூன்றரையும் மூன்றும் பெற்ற வல்லவர் இருவரை இறக்கினால் எஞ்சுவது ஒன்றரை மட்டுமே. ஆகவே ஒன்று பெற்றவரும் அரை பெற்றவரும் உடன் இறங்கியே ஆகவேண்டும். அரைப்புள்ளிக்காரர் கருணையினாற் சேர்க்கப்படுபவர் அல்லர். அவரின்றி மூன்றரைக்காரருக்குக் களத்தில் இடமில்லை. அவர் பந்தை அதிகம் தொடுவதில்லை. அவரது நாற்காலியின் முன்புறத்தே கொளுக்கி போன்று நீண்டிருக்கும் இரும்பால் எதிரணியின் விரைவோட்டக்காரரை மறித்துப் பிணித்து வைப்பதே அவர் தொழில். விரல் மடங்காத ஒருவர், தம்மினும் பலமடங்கு வலுவுள்ள ஒருவரை அசையவிடாது நிறுத்தும் காட்சி இவ்வாட்டத்தில் அன்றாடம் நிகழ்வது.

அரை என்ற அளவு மலையகத்தார்க்குப் புதியதன்று. பெரட்டுக்களத்திற் பேர் கொடுத்து மலைக்குச் சென்றவள், தோட்டம் விதித்த இறாத்தலையோ கிலோவையோ எடுக்கத் தவறினால் செக்ரோலில் அவளுக்கு 'அரைப்பேர்' விழும். விதிக்கப்படும் அளவு தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் வேறுபடும். அரைப்பேரின் பொருள் மாத்திரம் மாறுவதில்லை. ஒரு நாள் முழுதும் மலையில் நின்றவள் அரை ஆளாகின்றாள். தொழிலாளியின் கூலி நாளுக்குப் 'பேர்' என்றே பெயர் வாய்த்திருப்பது தமிழின் விபத்தா, தோட்டத்தின் தருக்கமா என்பதை மொழியியலார் ஆராயட்டும். என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' மலையகச் சிறுகதையின் மைல்கற்களுள் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுவதற்குக் காரணம், கொழுந்து பறிக்கும் பெண்ணின் கைத்திறனையும் அவளது தன்மானத்தையும் நிறுவைத் தராசின் முன்னிலையில் அது கொண்டுவந்து நிறுத்தியமையே. ஆனால், அக்கதையின் பெருமிதம் நிறைந்த கூடையின் பெருமிதம். தராசில் என்றுமே நிறையாத கூடையை உடையவள் மலையகக் கதையின் நாயகியாவது அரிது.

சட்டமும் உடலை எண்ணாலேயே காண்கின்றது. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் அட்டவணை, இன்ன உறுப்பை இழந்தால் உழைக்கும் ஆற்றலில் நூற்றுக்கு இத்தனை வீதம் இழப்பு என வரையறை செய்கின்றது. இது பாதுகாப்புச் சட்டம் என்பதில் ஐயமில்லை. பெறவேண்டியதைப் பெறாதோர் பலர்க்கு அதுவே ஆதாரம். ஆயினும் அது எண்ணுவது இழந்ததை. செக்ரோல் எண்ணுவது விளைந்ததை. வின்னிப்பெக்கில் வகுக்கப்பட்ட கணக்கோ எஞ்சியதை எண்ணுகின்றது. எண்ணி, எஞ்சியது குறைவாயின் அதற்கேற்ற இடத்தைக் களத்தில் ஒதுக்குகின்றது. புறநானூற்றின் 28 ஆம் பாட்டு குருடு, கூன், செவிடு முதலான எட்டினையும் 'எச்சம்' என அடுக்கி, அவற்றால் ஊதியமில்லை என்று கூறுவதை இங்கு நினைவுகூரலாம். ஊதியம் அங்கே பயன் என்னும் பொருளது. தோட்டத்தில் அச்சொல்லுக்கு வேறு பொருள் விளக்கம் தேவைப்படாது.

இனி, படத்துக்கு வருவோம். சர்வதேச ஆட்டங்களிற் போட்டியிடும் அமெரிக்க, கனேடிய அணிகளின் பகைமையே அதன் கதைப்போக்கு. அமெரிக்க அணியின் வீரர் மார்க் சூபான் 1993 இல் நண்பரின் வாகனத்திலிருந்து தூக்கி வீசப்பட்டுக் கால்வாய் ஒன்றில் விழுந்து, மரக்கிளையொன்றைப் பற்றியவாறு பதின்மூன்று மணிநேரத்துக்கு மேல் நீரிற் கிடந்தவர். ஜோ சோரெஸ் இளம்பிள்ளைவாதத்தால் தாக்கப்பட்டவர். அமெரிக்காவின் நட்சத்திர வீரராயிருந்து, அணியிலிருந்து நீக்கப்பட்டதும் கனடாவின் பயிற்றுநராகிப் பழைய அணியையே எதிர்த்தவர். 2002 இல் சுவீடனின் கோதன்பேர்க்கில் நடந்த உலகப் போட்டியிற் கனடா வென்றது. 2004 ஏதென்ஸ் பராலிம்பிக்கில் இரு பகைவருமே தங்கம் பெறவில்லை. அது நியூசிலாந்துக்குப் போயிற்று.

படத்தின் தொடக்கக் காட்சியே அதன் கொள்கையை உணர்த்திவிடுகின்றது. சூபான் நாற்காலியில் அமர்ந்தவாறு தம் காற்சட்டையை மாற்றுகின்றார். வேறொன்றும் நிகழவில்லை, விபத்து இல்லை, கண்ணீர் இல்லை, இரக்கமூட்டும் இசையும் இல்லை. நமது படைப்பாளர் இறுதியில் வைக்கும் வீழ்ச்சியை இவர்கள் பின்னர் சொல்லவேண்டிய ஒரு செய்தியாக ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு மனிதன் காலையில் உடுப்பு மாற்றுவதை முதலில் வைக்கின்றனர். சோரெஸ் என்னும் பாத்திரமும் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. அவர் நல்லவர் அல்லர். தற்பெருமையும் வன்மமும் உடையவர்; விளையாட்டில் நாட்டமில்லாத தம் மகனிடம் கடுமை காட்டுபவர். ஊனமுற்றவன் ஒன்று பாவம், அன்றித் தியாகி என்ற இரு வார்ப்புகளுக்குள் அடங்கிய பாத்திரங்களையே கண்டு பழகிய நமக்கு, கெட்டவனாயிருக்கும் உரிமை அவனுக்கு வழங்கப்பட்டிருப்பது பெரிய விடுதலையாகத் தோன்றுகின்றது. முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்படலாமா எனக் கேட்கும் பழமொழி நம்முடையது. இப்படத்தில் ஆசைப்படாதவர் ஒருவரும் இலர்.

இதற்கு மாறாகத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்ட 'பரதேசி' படத்தை நோக்கலாம். பி. எச். டானியலின் 'ரெட் டீ' என்னும் நாவலைத் தழுவி (அது இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 2007 இல் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழில் வந்தது) பாலா 2013 இல் வெளியிட்ட அப்படத்தில், தப்பியோட முயன்ற நாயகனின் குதிகால் நரம்பு அறுக்கப்படுகின்றது. அக்காட்சியின் கொடூரம் மறக்கற்பாலதன்று. அடிமைத்தனத்தின் முத்திரையாக அது நெஞ்சிற் பதிகின்றது. ஆனால் முத்திரையாகப் பதிந்ததே அதன் குறையுமாகும். நரம்பறுந்த ஒருவன் அதன் பின் செங்குத்தான மலையில் எப்படி இறங்கினான், எதை ஊன்றினான், யார் தோளைப் பற்றினான் என்பவற்றிற் படம் அக்கறை கொள்ளவில்லை. அறுக்கப்பட்ட கால் குறியீடாகிவிட்டது. குறியீட்டுக்கு நடை தேவையில்லை அன்றோ. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' தொட்டு, தோட்டத்திற் சிதைந்த உடல் சுரண்டலுக்குச் சாட்சியமாகவே நிறுத்தப்பட்டு வந்துள்ளது. சாட்சியம் தேவைப்பட்ட காலம் அது. இன்றும் அத்தேவை நீங்கிவிடவில்லை. எனினும், சாட்சிக் கூண்டிலேயே ஆயுள் முழுதும் ஒருவனை நிறுத்திவைத்தல் இன்னொரு வகைச் சிறை. ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' இவ்விடத்தில் விதிவிலக்கு. பிச்சைக்காக வாங்கி விற்கப்படும் ஊனமுற்றோர் அந்நாவலிற் கேலி பேசுகின்றனர், சண்டையிடுகின்றனர், ஒருவரையொருவர் விரும்புகின்றனர். பிறர் அவர்களை 'உருப்படி' என்றே எண்ணினும் அவர்கள் உருப்படிகளாய் இல்லை.

படத்தின் இன்னொரு துணிவையும் இங்கு சொல்லவேண்டும். தம் பாலியல் வாழ்வைப் பற்றி இவ்வீரர்கள் ஒளிவுமறைவின்றியும் நகைச்சுவையோடும் பேசுகின்றனர். நமது சூழலில் இப்பேச்சுக்கு நாணம் மட்டுமா தடை? இடமும் அல்லவா தடை! ஒற்றைக் காம்பராவுக்குள் ஒரு குடும்பம் முழுவதும் படுத்தெழுவதன் அவலத்தைத் தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' கூறியதைப் போன்று வேறெந்தக் கதையும் கூறவில்லை. நலமான உடல்களுக்கே மறைவில்லாத அக்காம்பராவில், பிறர் உதவியின்றிப் புரண்டு படுக்கவும் மலசலம் கழிக்கவும் இயலாத ஓர் உடல் கிடக்குமாயின் அவ்வீட்டின் இரவு எத்தகையது? படுக்கைப் புண் வாராமற் காக்க இரண்டு மணிக்கு ஒருமுறை அவனைப் புரட்டிவிடல் வேண்டும் என்பர் மருத்துவர். விடியுமுன் பெரட்டுக்குச் செல்லவேண்டிய மனைவியே அவனைப் புரட்டுபவளும். இக்கதை இன்னும் எழுதப்படவேண்டியதாகவே இருக்கின்றது.

பெண்ணைப் பற்றிய பேச்சு எழுந்தமையால் படத்தின் பெருங்குறையையும் கூறிவிடலாம். இது முற்றிலும் ஆண்களின் படம். பச்சை குத்திய தோளும் இரைச்சல் மிகுந்த இசையும் வசைமொழியும் கூடி, ஆண்மை குன்றிவிடவில்லை என்பதை நிரூபிப்பதே நோக்கமோ என ஐயுறச் செய்கின்றன. மனைவியரும் காதலியரும் பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். உண்மையில் இவ்வாட்டம் இருபாலார்க்கும் பொதுவானது. களத்தில் ஒரு பெண் இறங்கினால் அணியின் எட்டுப்புள்ளி வரம்பு அரைப்புள்ளியால் உயர்த்தப்படும் எனவும் விதி உண்டு. 2021 இல் நடைபெற்ற டோக்கியோ பராலிம்பிக்கிற் பிரித்தானிய அணியில் ஆடிய கைலி கிரைம்ஸ் இவ்வாட்டத்தில் தங்கம் வென்ற முதற் பெண்ணானார். பெண்ணென்பதற்காக அரை கூட்டிக் கொடுக்கும் இவ்விதியை, பெண்ணென்பதற்காகவே 1984 வரை கூலியைக் குறைத்துக் கொடுத்த தோட்டத்துக் கணக்கோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை.

மற்றொரு குறை நுட்பமானது. புள்ளி முறையைப் படம் ஒருமுறை விளக்கிவிட்டு நகர்ந்துவிடுகின்றது. அதன் பின்னர் கமரா பந்தின் பின்னாலேயே ஓடுகின்றது. பந்தோ வல்லவர் மடியில். கொளுக்கியால் மறித்து நிற்பவரின் ஆட்டம் திரையின் ஓரத்தில் நிகழ்ந்து மறைகின்றது. எட்டுப் புள்ளி விதியாற் பலவீனரை நடுவுக்குக் கொண்டுவந்த ஓர் ஆட்டத்தை, நட்சத்திர வீரரை நடுவில் வைக்கும் பழைய திரைப்பட முறையாற் படம்பிடித்தமை வேடிக்கையே. அதன் ஆக்குநர் ஆட்டத்தின் வீரத்தைக் கண்ட அளவுக்கு அதன் நியாயத்தைக் காணவில்லை.

இன்னொன்று: மனவுறுதியாலேயே இவர்கள் எழுந்தனர் என்ற எண்ணத்தை அப்படம் விட்டுச் செல்கின்றது. புதிதாகக் காயமுற்ற இளைஞர் ஒருவர் ஆட்ட நாற்காலியில் முதன்முறை அமர்ந்து, எழ மனமின்றி மோதிப் பார்க்கும் காட்சி நெகிழ்ச்சியானது. ஆனால் அந்நாற்காலிக்கு முன்னே மாதக்கணக்கான மருத்துவமும் பயிற்சியும், அவற்றைத் தாங்கிய நிறுவனங்களும் இருக்கின்றன. எங்கும் இவ்வாறே. தமிழ்நாட்டில், 1975 இற் கடற்படைத் தேர்வின்போது வீழ்ந்து கைகால் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981 இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். பல்லாயிரவர்க்கு அது பயன்பட்டமைக்குக் காரணம் அவருடைய உறுதி மட்டுமன்று, அவ்வுறுதி ஒரு நிறுவனமாக நிலைபெற்றதே. வன்னியிற் போரால் முண்ணாண் பாதிக்கப்பட்டோர் மாங்குளத்தில் 'உயிரிழை' என்ற அமைப்பாகத் திரண்டுள்ளனர். இலங்கைக்குப் பராலிம்பிக்கில் முதற் பதக்கத்தை 2012 இல் ஈட்டிய பிரதீப் சஞ்சயவும், டோக்கியோவில் ஈட்டி எறிந்து தங்கம் வென்ற தினேஷ் பிரியந்தவும் இராணுவத்தினர். காயமுற்றோரைத் தாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இராணுவத்திடம் இருந்தது. தோட்டத்தில் வீழ்ந்தவன் டிக்கோயாக் கிளங்கன் வைத்தியசாலைக்கோ நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ போகின்றான். நீண்டகாலப் புனர்வாழ்வுக்குரிய ராகமை வைத்தியசாலை கொழும்பின் அயலில் உள்ளது. அங்கு நாற்காலியை ஓட்டப் பழகித் திரும்புபவன், நாற்காலி ஓடாத மலைக்கே திரும்புகின்றான். கட்டடங்களில் ஏறுதளம் அமைக்க 2006 இல் ஒழுங்குவிதிகள் வந்தன. மேற்கணக்குக்கும் பணியக்கணக்குக்கும் இடையேயுள்ள ஒற்றையடிப் பாதைக்கு விதி செய்தவர் இல்லை.

றகர் என்ற ஆட்டம் மலையகத்துக்கு அந்நியமன்று என்பதும் இவ்விடத்திற் சொல்லத்தக்கது. ராதெல்லையிலும் தறவளையிலும் துரைமார் தம் கழகங்களில் அதை ஆடிக் களித்தனர். மலைச்சரிவுகளுக்கு நடுவே கண்ணுக்கினிய அப்புல்வெளிகளைச் சமப்படுத்தவும் புல்வெட்டவும் கைகள் தேவைப்பட்டன. அக்கைகளுக்குரியவர் பந்தைத் தொட்டிலர்.

சக்கர நாற்காலி றகருக்குப் புல்வெளி உதவாது. 28 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் உடைய கடினமான தரை வேண்டும். அட்டன், தலவாக்கலை, நானுஓயாப் பகுதித் தோட்டங்களில் மட்டமான இடம் எது என எண்ணிப் பார்த்தால் பெரட்டுக்களம், கோயில் முன்றல், பாடசாலை மண்டபம் என விரலில் அடங்கிவிடும். தேயிலைத் தொழிற்சாலைகளிற் கொழுந்து வாட்டும் மாடிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். நீண்டு அகன்ற மட்டமான தளங்கள் அவை. மூடப்பட்ட தொழிற்சாலைகள் பல உள்ளன. கந்தப்பளையில் அத்தகைய ஒன்று 1996 இல் உல்லாச விடுதியாகவே மாறிற்று. ஆனால் வாட்டும் மாடிகள் மேற்றளங்களில் இருப்பவை. லயத்து வாசலிலிருந்து தொழிற்சாலை வரை உள்ள படிகள் எத்தனை, தொழிற்சாலைக்குள் மாடிக்கு உள்ளவை எத்தனை, நாற்காலியோடு ஒருவனைத் தூக்கிச் செல்ல எத்தனை பேர் வேண்டும், தூக்கியவர்களுக்கு அன்றைய பேர் விழுமா என்பவற்றைக் கணக்கிடாமல் அவனைப் பற்றிய கதையின் முதல் வாக்கியத்தையும் எழுதுதல் இயலாது.